விபூதித் தட்டோடு மேடையேறிய சரசு அத்தை

1. மண்டபத்துக்காரர் புகை இயந்திரத்தைப் போட்டார்.

2. மின்சாரம் போனது. விளக்கு, மின்விசிறி, நான் ஓடவிட்டிருந்த பாட்டு எல்லாம் ஒன்றாக நின்றன.

3. ஓரமாகக் காத்திருந்த உறுமி மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள்.

4. மேடையில் ஆடிக்கொண்டிருந்த மோகனா அக்காவின் கொண்டை அவிழ்ந்தது. அவர் பின்பக்கமாகச் சாய்ந்து தரையில் விழுந்தார்.

5. சரசு அத்தை விபூதித் தட்டோடு மேடையேறினார்.

6. பின்வரிசையிலிருந்து யாரோ, லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்கச் சொன்னார்.

தொழிற்சாலையில் ஒரு பழுது வந்தால் முதலில் நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், காரணமெல்லாம் பிறகு என்று எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் இருக்கிறது. என் தோழி கீர்த்தியின் கல்யாண விருந்தையும் அப்படித்தான் எழுத முடிகிறது. இனி காரணங்களுக்கு வருகிறேன்.

கைகள் எங்கிருந்து வந்தன

மலேசியாவின் தென்கோடியில், செனாயில் நானும் கீர்த்தியும் ஒரே வாடகை வீட்டில் இருந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் சொன்னேன். இருவருக்கும் ஒரே மின்னணுத் தொழிற்சாலை. நான் சோதனைப் பிரிவில் பொறியாளர், அவள் கொள்முதல் பிரிவு.

எங்கள் கேன்டீனில் மதிய இடைவேளையின்போது ஒரு காட்சியைப் பார்க்கலாம். உற்பத்தி வரிசையில் வேலை செய்யும் பெண்கள் கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்துவிட்டு ஆடுவார்கள். மணிக்கட்டை மடக்கி, விரல்களை முகத்தைச் சுற்றி வெட்டி வெட்டி நகர்த்தும் ஓர் ஆட்டம். மலாய்ப் பெண், நேப்பாளப் பெண், நம் பெண் என்று எல்லோருக்கும் அதே கைகள். பேச்சும் அப்படித்தான். நன்றாக உடுத்தி வந்தால் "ஸ்லே லா அக்கா" என்பார்கள். மறைமுகமாகக் குத்திப் பேசினால் "ஷேட் விடாதீங்க" என்பார்கள். மேற்பார்வையாளர் திட்டியதைக்கூட அந்தக் கைகளோடு நடித்துக் காட்டுவார்கள்.

இதெல்லாம் கொரியாவிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று சொன்னவர் கீர்த்தியின் அக்கா, மோகனா.

மோகனா அக்கா ஒரு திருநங்கை. ஜொகூர் பாருவில் மணப்பெண் அலங்காரம் செய்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடன வகுப்பு நடத்துகிறார். பாட்டை வெட்டி ஒட்டத் தெரியும் என்பதால் என்னை அங்கே ஒலிப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். ஆடச் சொல்லவில்லை. ஒருமுறை ஆடிக் காட்டினேன், அதன் பிறகும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை வகுப்பு

நமக்கு ஞாயிறு காலை என்றால் நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு. அந்த நேரத்தில் மாதத்துக்கு ஒருமுறை திரையில் மிஸ் ஐவரி வருவார். அவரும் திருநங்கை, கறுப்பினத்தவர். பெரிய காதணி, அதைவிடப் பெரிய சிரிப்பு. திரைக்கு அந்தப்பக்கம் ஏதாவது வறுத்துக்கொண்டே எங்கள் முட்டியைத் திருத்துவார்.

அந்த ஆட்டத்தின் பெயர் வோக். மிஸ் ஐவரி பல காலைகளில் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். பல பத்தாண்டுகளுக்கு முன்பு அவர் ஊரில் நடந்த அழகுப் போட்டிகளில் கறுப்பினத்தவர் எவ்வளவு நன்றாக வந்தாலும் கிரீடம் வேறு ஒருவருக்கே போகும். பொறுத்துப் பார்த்துவிட்டு, கறுப்பினத் திருநங்கைகள் தாங்களே ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். மண்டபம், நடுவர்கள், நடப்பதற்கு நீளமாக ஒரு தரை. பிறகு குழு குழுவாகச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 'ஹவுஸ்' என்று பெயர், ஒவ்வொரு ஹவுஸுக்கும் ஒரு தாய். பெற்ற வீடு துரத்திவிட்டால் போய்ச் சேர ஒரு வீடு.

இதை அவர் விளக்கத் தொடங்கியதும் மோகனா அக்கா பாதியிலேயே தலையாட்டிவிட்டார். அவருக்கும் ஜொகூர் பாருவில் அப்படி ஒரு அம்மா இருந்தார். சொந்த ஊரான சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒரு பையோடு பஸ் ஏறி வந்தபோது, எதுவும் கேட்காமல் சோறு போட்டவர். உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒருவரை ஒருவர் அறியாத பெண்கள் ஒரே ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். பொறியியலில் இப்படி நடந்தால், பிரச்சினை ஒன்றுதான் என்று அர்த்தம்.

அந்த மண்டபங்களில் பிறந்த ஆட்டத்தைத்தான் பெரிய பாடகிகள் தங்கள் காணொளிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். உலகம் பாடகிகளைப் பார்த்தது. கைகள் யாருடையவை என்று கேட்கவில்லை. நடை, ஒப்பனை, கேலிப் பேச்சு, அதன் சொற்கள் எல்லாம் அதே வழியில் வெளியே வந்து, கடைசியில் செனாய் கேன்டீன் வரைக்கும் வந்துவிட்டன.

மிஸ் ஐவரி இதைக் கோபமாகச் சொன்னதில்லை. ஆடுங்கள், நன்றாக ஆடுங்கள், எங்களுடையது என்று சொல்லிவிட்டு ஆடுங்கள் என்பார். அவ்வளவுதான் அவர் கேட்ட கட்டணம் என்று மோகனா அக்கா கேலி செய்வார்.

வோக்கில் எல்லோரும் காத்திருக்கும் அசைவு ஒன்று உண்டு. தாளம் ஓங்கி விழும் இடத்தில் ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, முதுகு தரையைத் தொடும்படி சட்டென்று சாய வேண்டும். பெயர் 'டிப்'. இணையத்தில் அதற்கு வேறு ஏதோ பயங்கரமான பெயர் வைத்திருக்கிறார்கள். மிஸ் ஐவரி முன்னால் அந்தப் பெயரைச் சொன்னால் வறுப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். பார்ப்பவருக்கு அது விழுவதுபோல் இருக்கும். உண்மையில் உடம்பு முழுவதும் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் அப்படிச் சாய முடியும்.

அப்பாவின் நிபந்தனைகள்

கீர்த்திக்குக் கல்யாணம் முடிவானது. காலையில் கோயிலில் தாலி, மதியம் சிம்பாங் ரெங்கம் மண்டபத்தில் விருந்து. விருந்தில் அக்கா ஆட வேண்டும் என்று கீர்த்தி பிடிவாதமாக இருந்தாள்.

அவர்களுடைய அப்பா முனியாண்டி அங்கிள் எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கோயில் கமிட்டியில் இருப்பவர். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சத்தம் போடமாட்டார், கையை ஓங்கமாட்டார். மோகனா அக்காவை எந்தப் பெயராலும் கூப்பிடாமல் பல வருடங்களை ஓட்டிவிட்டார், அவ்வளவுதான். அவருடைய பதில் கீர்த்தி வழியாக வந்தது. வரலாம். ஆடலாம். ஆனால் அறிவிப்பாளர் மணமகளின் தோழி என்று சொல்லட்டும். குடும்பப் படம் எடுக்கும்போது மேடைக்கு வர வேண்டாம்.

கீர்த்தி இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மோகனா அக்காதான் அவளைச் சமாதானம் செய்தார். ஆடவிட்டதே போதும் என்றார். அது போதாது என்பது கல்யாணத்துக்கு முதல் நாள் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது தெரிந்தது. நான் ஓட்டினேன். அவர் மடியில் மணப்பெண்ணுக்கான பூப்பெட்டி. அதைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"டான்ஸ் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும் சுபா. படம் சுவத்துல இருக்கும்ல."

திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஆயர் ஹீத்தாம் வரை போய்விட்டோமோ என்று அவர் பயப்பட்டார். இல்லை என்று காட்டினேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஒரே இணைப்பில் இரண்டு

அக்காவின் உடை மஞ்சள் நிற நீள கவுன், இடுப்பில் அகலமான சிவப்புத் துணி. கீர்த்தியின் விருந்துக்கு அதுதான் நிறம். அறிவிப்பாளர் சொன்னபடியே "மணமகளின் தோழி" என்றார். ஆட்டத்தின் பிறப்பிடத்தைப் பற்றி நாங்கள் எழுதிக் கொடுத்த இரண்டு வரிகளை விட்டுவிட்டு, "கலக்கலான ஒரு நடனம்" என்று முடித்துக்கொண்டார்.

தொடக்கம் நன்றாக இருந்தது. கை, நடை, வாத்துபோல் குந்தி நடக்கும் நடை என்று வரிசையாகப் போனது. இளையவர்கள் கைப்பேசியைத் தூக்கினார்கள். பெரியவர்கள் பிரியாணியிலிருந்து தலையைத் தூக்கினார்கள். முதல் மேசையில் முனியாண்டி அங்கிள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் சரசு அத்தை.

சரசு அத்தை அங்கிளின் மூத்த சகோதரி. கீர்த்தியைப் பின்பற்றி நாங்களும் அவரை அத்தை என்றே கூப்பிடுவோம். அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் விபூதித் தட்டு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். திருவிழாவில் யாருக்காவது அருள் வந்தால் அவர் போய் நின்றால்தான் இறங்கும் என்று பெயர்.

அப்போதுதான் மண்டபத்துக்காரர் அழகுக்காகப் புகை இயந்திரத்தைப் போட்டார். அது செருகப்பட்டிருந்த இணைப்பில்தான் தேநீர்க் கொதிகலனும் இருந்தது. சுமை தாங்காமல் சுவிட்ச் விழுந்தது. என் மடிக்கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஒலிபெருக்கிகள் செத்துவிட்டன.

மேடை ஓரத்தில் உறுமிக் குழு இருந்தது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் வாசல் வரை அழைத்துப் போவதற்காக வந்தவர்கள். பாட்டு நின்றதும் ஒரு பெண் மேடையில் தவிக்கக் கூடாதே என்று, அவர்களின் தலைவர் கண்ணைக் காட்ட, குழு அடிக்க ஆரம்பித்தது. நல்ல மனதுதான். ஆனால் அவர்கள் கைக்கு உடனே வந்தது கோயில் அடி.

மோகனா அக்கா நிற்கவில்லை. அந்த அடியைப் பிடித்துக்கொண்டு சுழன்றார். கொண்டை அவிழ்ந்து கூந்தல் முகத்தில் விழுந்தது. தாளம் ஓங்கி இறங்கிய இடத்தில் டிப் போட்டார்.

இப்போது முதல் மேசையிலிருந்து பாருங்கள். மஞ்சள் உடை, சிவப்புத் துணி, அவிழ்ந்த கூந்தல், உறுமி, புகை, சுழன்று விழுந்த ஒரு பெண். சரசு அத்தையின் முடிவு தவறுதான். கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் நானும் அந்த முடிவுக்கே வந்திருப்பேன்.

"யாரு வந்திருக்க?"

அத்தை மேடையேறிய வேகத்தில் இரண்டு நாற்காலிகள் சாய்ந்தன. சித்தி ஒருவர் சிரப் பானம் கலக்கும் மேசையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். உறுமி நின்றது. "அலமாக், சாமி வந்திருச்சு" என்று ஒரு பெண் பதறி எழுந்தாள். அப்போதுதான் அந்தப் பின்வரிசைக் குரல்: "நாலு நம்பர் கேளுங்கக்கா."

நான் மேடைக்குக் கீழே, ஒயர்களுக்கு நடுவில் இருந்தேன். திறந்த கதவுகள் வழியாக மட்டும் வெளிச்சம் வந்தது. முனியாண்டி அங்கிளைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, மகள் கிடந்த திசையைப் பார்த்து நின்றார்.

அத்தை குனிந்து மிகப் பணிவாகக் கேட்டார். "ஆத்தா, யாரு வந்திருக்க? என்ன குறை வச்சோம்? சொல்லும்மா."

மோகனா அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தார், பிறகு கூப்பிய கைகளோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்பது அவருக்குப் புரிந்த கணத்தை நான் பார்த்தேன். இந்த மண்டபம் இப்போது அவர் எது சொன்னாலும் கேட்கும். மூத்தவளைப் படத்தில் நிறுத்து என்று சாமி குரலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கிளே கையைப் பிடித்து மேடையில் நிறுத்தியிருப்பார். சொல்லிவிடுங்கள் அக்கா என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டதை மறைக்கப் போவதில்லை.

"சாமி இல்ல அத்தை," என்றார். "நான்தான். மோகனா."

மின்விசிறி இல்லாத மண்டபத்தில் அது கடைசி மேசை வரைக்கும் கேட்டது.

அத்தையின் விரல்களில் விபூதி அப்படியே இருந்தது. "நீயா?"

"ம்."

"அப்ப ஏன் விழுந்த? தலை அடிபட்டுச்சா?"

"விழல அத்தை. அதான் ஆட்டம்."

"விழறது ஒரு ஆட்டமா? எந்த ஊர்ல?"

அக்கா எழுந்து உட்கார்ந்து கூந்தலை ஒதுக்கினார். "நியூயார்க்ல. அங்க உள்ள கறுப்பினத் திருநங்கைங்க உண்டாக்குனது. என்னை மாதிரி பொம்பளைங்க."

அறிவிப்பாளர் விட்ட இரண்டு வரிகள் இப்படி வெளியே வந்தன. கூடவே, அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்து யாரும் வாயால் சொல்லாத ஒன்றும் வந்துவிட்டது.

அத்தை விரலைப் பார்த்தார். எடுத்த விபூதியைத் திரும்பத் தட்டில் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. அதை அக்காவின் நெற்றியில் அழுத்திப் பூசிவிட்டு, எழுந்து, சபையைப் பார்த்துச் சொன்னார்:

"ஆட்டமாம். எல்லாரும் போயி உக்காருங்க."

"அப்ப நம்பர்?" என்றது பின்வரிசை.

"உன் வீட்டு நம்பர ஞாபகம் வச்சுக்கிட்டு ஒழுங்கா போய்ச் சேரு."

சிரிப்பு முதல் மேசையில் தொடங்கிக் கடைசி வரை போனது. அக்கா உறுமிக் குழுத் தலைவரிடம் ஏதோ சொன்னார். ஒவ்வொரு நான்காவது அடியையும் ஓங்கி அடிக்கச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. தலைவர் "சரி தங்கச்சி" என்று குச்சியை எடுத்தார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. இந்த முறை என்ன வரப்போகிறது என்று மண்டபத்துக்குத் தெரியும். ஒவ்வொரு டிப்புக்கும் மேசைகளைத் தட்டினார்கள். கீர்த்தி மணக்கோலத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தாள். சரசு அத்தை மேடையை விட்டு இறங்கவே இல்லை. ஆட்டம்தான் என்று அவரே அறிவித்திருந்தாலும், அக்கா சாயும்போதெல்லாம் அவர் கை தன்னால் நீண்டது.

படம்

மின்சாரம் வந்து, பாயசம் முடிந்து, படம் எடுக்கும் நேரம் வந்தது. குளுவாங்கிலிருந்து வந்த சீனப் புகைப்படக்காரர் எல்லோரையும் உயரப்படி நிறுத்தினார். மோகனா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். கைகள் சுற்றின, கண் மேடையில் இருந்தது.

"அவ எங்க?" என்றார் சரசு அத்தை மேடையிலிருந்து.

முனியாண்டி அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அது வந்து... கமிட்டி ஆளுங்கள்லாம் இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்க முன்னாடிதானடா நான் விபூதி பூசினேன். யாரோ ரோட்டுல போறவளுக்கா பூசினேன்? அவ வரலன்னா நானும் நிக்கல."

அது பாசமா, தன் மரியாதையைக் காத்துக்கொள்ளும் வழியா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. இரண்டும் கலந்திருக்கலாம். அங்கிள் தரையைப் பார்த்தார். பிறகு ஓரடி நகர்ந்து, தனக்கும் கீர்த்திக்கும் நடுவில் இடம் விட்டார்.

மோகனா அக்கா சுற்றிய ஒயரை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். கூந்தலைக் கட்டக்கூட இல்லை.

திரும்பும் வழியில்

நெடுஞ்சாலையில் கேட்டேன். சாமி என்றே சொல்லியிருந்தால் அப்போதே எல்லாம் முடிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று. அவர் முகக் கண்ணாடியில் ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விபூதியை மட்டும் தொடவில்லை.

"சாமி பேரச் சொல்லி உள்ள போனா, அடுத்த விசேஷத்துக்கும் சாமிதான் வரணும் சுபா. நான் வர முடியாதுல்ல."

காணொளியை மிஸ் ஐவரிக்கு அனுப்பினோம். அவர்கள் போட்டிகளில் முழு மதிப்பெண் தர நடுவர்கள் பத்து என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அடுத்த வகுப்பில் அவர் அப்படி ஓர் அட்டையோடு வந்தார். மோகனா அக்கா தனக்குத்தான் என்று நினைத்தார். இல்லை, மேடையேறிய வேகத்துக்காகச் சரசு அத்தைக்கு. அத்தைக்குச் செய்தி போனது. யார் அந்தப் பிள்ளை, சாப்பிட்டாளா என்று கேட்டுப் பதில் அனுப்பினார்.

இன்றைய நிலை இது. படம் சிம்பாங் ரெங்கம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் மோகனா அக்கா சிரிக்கிறார், முனியாண்டி அங்கிள் கேமராவைப் பார்க்கவில்லை. அங்கிள் இன்னும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார், அதற்கு மேல் பேச்சு போகவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் மோகனா அக்கா அந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்.